தங்கவயலுக்கு ஒரு நாள்: கல்விப் பயணக் குறிப்புகள்

எங்கள் சங்கத்தின் கல்விப் பயணம் இவ்வாண்டு கோலார் தங்கவயலுக்கு அமைந்தது. இருபத்திரண்டு பேர் காலை வண்டியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டோம். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப்ஸ், ராபர்ட்சன்பேட்டை ஆகிய இடங்களைப் பகல் முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு இரவு விடுதிக்குத் திரும்பினோம். வழியில் பாடிய பாட்டுகளையும் பகிர்ந்துண்ட புளிச்சோற்றையும் பற்றி எழுதினாலே இதழின் பக்கங்கள் நிறைந்துவிடும். ஆனால் வர இயலாத நண்பர்களுக்கு அதனால் என்ன பயன்? ஆகவே, கண்டவற்றையும் அவற்றின் பின்னேயுள்ள பௌதிகத்தையும் வரலாற்றையும் ஒரு பாடம்போலச் சொல்ல முனைகிறேன்.

புறப்படும் முன்னரே மூன்று வினாக்களைக் குறித்துக்கொண்டோம். சிறிய ஊர்களான இவற்றுக்கென்று தனியாக ஓர் இருப்புப்பாதை ஏன் போடப்பட்டது? நூற்றிருபது ஆண்டுகள் நடந்த சுரங்கம், பூமியில் தங்கம் முற்றிலும் தீர்ந்துபோகும் முன்பே ஏன் மூடப்பட்டது? மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை மனிதன் இறங்கியதால் உலகுக்குக் கிடைத்தது தங்கம் மட்டுந்தானா? திரும்பி வருகையில் நான்காவது வினா ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதனை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

இருப்புப்பாதையும் நீராவியும்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் புகைவண்டிப் பாதை 1864இல் திறக்கப்பட்டது. இப்பாதையில் இன்று பங்காரப்பேட்டை என்று வழங்கும் நிலையத்துக்கு அக்காலத்தில் பவுரிங்பேட்டை என்று பெயர். மைசூரின் தலைமை ஆணையராக இருந்த பவுரிங் என்பவரின் பெயரால் அமைந்தது அது. கன்னடத்தில் ‘பங்கார’ என்றால் தங்கம். துரையின் பெயர் மக்கள் வாயில் தங்கமாக மாறிவிட்டது!

இங்கிருந்து தங்கவயல் வழியாக மாரிக்குப்பம் வரை 16 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் பொறிகளும் கொதிகலன்களும் பவுரிங்பேட்டையில் இறக்கப்பட்டு மாட்டு வண்டிகளில்தான் சென்றன. சுரங்கங்களுக்கு அன்று வேண்டியவை மூன்று: இரும்பு, மரம், எரிபொருள். தூக்கும் பொறி, நீர் இறைக்கும் பொறி, கல்லை இடிக்கும் உலக்கைப் பொறி எல்லாமே நீராவியால் இயங்கின. அவற்றுக்கு இரவும் பகலும் தீ வேண்டும். சுற்றுப்புறக் காடுகளின் விறகு எத்தனை நாளைக்குப் போதும்? தொலைவிலிருந்து நிலக்கரி வந்தாக வேண்டும். நிலக்கரியை மலிவாகச் சுமந்து வர, நிலக்கரியாலேயே ஓடும் வண்டி வந்தது. முதல் வினாவுக்கு இதுவே விடை. தங்கத்தைக் கொண்டுபோவதற்கு இருப்புப்பாதை தேவையில்லை. அதற்கு ஒரு பெட்டியும் ஒரு காவலனும் போதும். தங்கத்தை எடுக்கத் தேவையான ஆற்றலைக் கொண்டுவருவதற்குத்தான் பாதை வேண்டியிருந்தது.

நீராவிப் பொறியின் தத்துவத்தைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால், சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை நிரப்பும். கொதிகலனில் அடைபட்ட ஆவி உந்துதண்டைத் தள்ளுகிறது. தண்டு சக்கரத்தைச் சுழற்றுகிறது. கேட்பதற்கு எளிது. ஆனால் அக்காலப் பொறிகளில், எரித்த கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட வேலையாக மாறவில்லை. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும், வேலை முடிந்து வெளியேறிய ஆவியோடும் வானத்துக்குச் சென்றது. ஒரு வண்டி கரி வந்தால் அதில் முக்காலுக்கு மேல் வீண் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பின்னால் இது பயன்படும்.

இந்திய அகலப்பாதைகளில் வழக்கமான நீராவி வண்டிகள் 1995ஆம் ஆண்டோடு முடிவுற்றன. எங்களை ஏற்றிச் சென்றது மின்சார வண்டிதான். ஆயினும் பங்காரப்பேட்டை தாண்டியதும் வண்டி வேகம் குறைந்து வளைந்து செல்லும்போது, இப்பாதையை வகுத்தவர்கள் எவ்வளவு பாரமான சரக்கை மனத்திற்கொண்டு வகுத்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

மண்வண்டியில் தொடங்கிய கதை

இவ்வட்டாரத்தில் தங்கம் உண்டென்பது பழங்காலந்தொட்டே மக்களுக்குத் தெரியும். 1802இல் மைசூர் எல்லையை அளந்துகொண்டிருந்த ஜான் வாரன் என்ற படை அதிகாரி இச்செய்தியைக் கேள்வியுற்றுப் பரிசு அறிவித்தார். ஊர்மக்கள் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து அவர் முன்னே கழுவிக் காட்டினர். அடியில் பொடித் தங்கம் மின்னிற்று.

வாரன் எழுதிவைத்ததைப் பல்லாண்டுகளுக்குப் பின் படித்தவர் மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர். படையிலிருந்து ஓய்வுபெற்றுப் பெங்களூரில் வாழ்ந்தவர். அவர் 1873இல் அரசிடம் உரிமை கேட்டு, 1875இல் பெற்றார். ஆனால் சுரங்கம் தோண்டுவது தனி ஒருவரின் பணத்தால் ஆகக்கூடிய காரியமா? உரிமை கைமாறிற்று. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கில நிறுவனம் வந்த பின்னரே வேலை உறுதிப்பட்டது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

இங்குள்ள பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழமை உடையவை. கருமையான அப்பாறையினூடே சாம்பல் நீல நிறத்தில் படிகக்கல் நாளங்கள் ஓடுகின்றன. தங்கம் அந்த நாளங்களில்தான் இருக்கிறது. நாளம் சாய்வாகக் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. மனிதனும் அதனைத் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனான்.

காவிரி தந்த மின்சாரம்

ஆழம் கூடக்கூட நீராவியின் குறைகள் வெளிப்பட்டன. கரியின் செலவு ஏறிற்று. அப்போது கண்கள் காவிரியின் பக்கம் திரும்பின. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்துத் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டம் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் உருவாயிற்று. அவர் 1901இல் மறைந்தார். 1902 ஜூன் மாதத்தில் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. இடைத்தொலைவு ஏறத்தாழ 147 கிலோமீட்டர். அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களுள் அது ஒன்று. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். தலைநகருக்கு முன்பே சுரங்கத்துக்கு ஒளி வந்துவிட்டது.

இவ்வளவு தொலைவு மின்சாரத்தை அனுப்புவது எப்படி? கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல், மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே ஆற்றலை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். இழப்போ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவேதான் முப்பதாயிரம் வோல்ட் அளவுக்கு அழுத்தத்தை உயர்த்தி அனுப்பினார்கள். வகுப்பில் இரண்டு மதிப்பெண் வினாவாகப் படித்த சூத்திரம், இங்கே ஓர் ஊரின் வாழ்வையே மாற்றியிருக்கிறது.

ஆழத்தின் கணக்கு

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. அந்த ஆழம் என்பதன் பொருள் என்ன என்பதை மூன்று கணக்குகளால் அறியலாம்.

முதலாவது, சுமையின் கணக்கு. ஒரு டன் கல்லை 3,000 மீட்டர் மேலே தூக்க, பொறியின் இழப்புகளை ஒதுக்கிவிட்டால், 1,000 × 9.8 × 3,000 ஜூல் வேண்டும். அஃதாவது ஏறத்தாழ 2 கோடியே 94 லட்சம் ஜூல். நம் வீட்டு மின்கணக்கில் 8 யூனிட்டுக்குச் சற்று மேல். தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லில் 47 கிராம் வரை தங்கம் கிடைத்தது; கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. 100 மீட்டர் ஆழத்தில் டன்னுக்கு 47 கிராம் எடுத்த நிலையையும், 3,000 மீட்டர் ஆழத்தில் 3 கிராம் எடுத்த நிலையையும் ஒப்பிடுங்கள். ஒரு கிராம் தங்கத்துக்காகக் கல்லைத் தூக்கும் வேலை 470 மடங்கு ஆகிவிடுகிறது! தூக்கும் செலவு மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதியே. நீர் இறைத்தல், காற்று செலுத்துதல், பாறையைத் தாங்குதல், கல்லை அரைத்தல் ஆகிய ஒவ்வொன்றும் இவ்வாறே பெருகின. இரண்டாம் வினாவுக்கு விடை இதில் இருக்கிறது. தங்கம் தீர்ந்ததால் சுரங்கம் மூடப்படவில்லை. ஒரு கிராம் தங்கத்தை எடுக்கும் செலவு அதன் விலையை மிஞ்சியதால் மூடப்பட்டது.

இரண்டாவது, வெப்பத்தின் கணக்கு. கீழே செல்லச் செல்லப் பாறை சூடாகிறது. அடிமட்டத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டியிருந்தது. மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. உலர்ந்த காற்று கீழே இறங்கும்போது தன் எடையாலேயே அமுக்கப்பட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவது இதே காரணத்தால்தான். எனவே மேலே 25 டிகிரியில் இருந்த காற்று, வழியில் வெப்பத்தை எதற்கும் கொடுக்காமல் இறங்கினால், மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் 55 டிகிரியை நெருங்கிவிடும். ஆகவேதான் காற்றைக் குளிரூட்டும் பெரிய நிலையங்கள் தேவைப்பட்டன.

அந்தச் சூட்டில் மனிதன் எவ்வாறு உழைத்தான்? கடுமையாக உழைக்கும் உடல் ஏறத்தாழ 500 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. சுற்றியுள்ள காற்று உடலைவிடச் சூடாக இருந்தால், அவ்வெப்பம் வெளியேற ஒரே வழி வியர்வை ஆவியாதல். கணக்கிட்டால் மணிக்கு முக்கால் லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்துவிட்டாலோ வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடல் குளிராது. மேலே கொதிகலனில் வேலை செய்த அதே ஆவியின் விதி, கீழே மனித உடலில் உயிரைக் காத்தது. நீராவிப் பொறியைக் கற்பிக்கும்போது இதனையும் சேர்த்துக் கற்பித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மூன்றாவது, அழுத்தத்தின் கணக்கு. இப்பாறையின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 3,000 மீட்டர் பாறை மேலே இருக்கும்போது, கீழே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறத்தாழ 900 கிலோகிராம் எடை அழுத்துகிறது. நடுவே கல்லை எடுத்து வெற்றிடம் செய்தால், அந்தப் பாரம் ஓரங்களின் மேல் குவிகிறது. தாங்கும் வரை தாங்கிவிட்டுப் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். இதுவே பாறைவெடிப்பு. தங்கவயல் இதற்கு உலகப் புகழ் பெற்றது, வேண்டாத புகழ். கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிச் சுவர் எழுப்பியும், வெற்றிடங்களை நிரப்பியும் போராடினார்கள். நில அதிர்வை அளக்கும் கருவிகளை நிறுவினார்கள். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இவ்வூரில் தோன்றியதற்கும் இந்த அனுபவமே அடிப்படை.

மாரிக்குப்பத்தில் ஒரு தேநீர்க் கடையில், சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். நாங்கள் தமிழ் பேசியதைக் கேட்டு, “எந்த ஊரு தம்பி?” என்று அவரே பேச்சைத் தொடங்கினார். எங்கள் நண்பர் ஒருவர், “உள்ளே தங்கம் மின்னுமா ஐயா?” என்று கேட்டார். பெரியவர் சிரித்தார்.

“தங்கத்தை எங்க தம்பி நாங்க பார்த்தோம்? கல்லைத்தான் பார்த்தோம். மேல இருக்கிறவங்களுக்குத்தான் அது தங்கம். எங்களுக்கு உள்ள போனா காத்துதான் தங்கம். காத்து வர்ற பக்கம் ஒரு நிமிஷம் நின்னா அதுவே போதும்.”

“பாறை வெடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?”

அவர் உடனே விடை சொல்லவில்லை. தேநீரை ஒருவாய் குடித்துவிட்டுச் சொன்னார்: “வீட்டுல பாத்திரம் ஆடும் தம்பி. தட்டு தானா தடதடன்னு ஆடும். அடுப்பை அப்படியே விட்டுட்டுப் பொம்பளைங்க சுரங்க வாசலுக்கு ஓடுவாங்க. மேல வர்ற கூண்டுல யாரு இருக்காங்க, யாரு இல்லைன்னு பார்க்கத்தான்.”

அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அரைத்த கல்லின் மலைகள்

ஊரின் எல்லையெங்கும் சாம்பல் நிறத்தில் தட்டையான குன்றுகள் நிற்கின்றன. ‘சயனைட் மலை’ என்று மக்கள் சொல்கிறார்கள். இவை இயற்கைக் குன்றுகள் அல்ல. தங்கம் எடுத்தபின் கொட்டிய கல்மாவு.

முதலில் கல்லை உலக்கைப் பொறிகளால் இடித்துப் பாதரசத்தோடு சேர்ப்பார்கள். பாதரசம் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். ஆனால் மிக நுண்ணிய துகள்கள் தப்பிவிடும். 1887இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட சயனைட் முறை இக்குறையைத் தீர்த்தது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனின் துணையோடு, மிகவும் நீர்த்த சயனைட் கரைசல் தங்கத்தைக் கரைத்துவிடும். பின்னர்த் துத்தநாகத்தைச் சேர்த்தால் தங்கம் பிரிந்து வரும். இராஜதிராவகம் போன்ற சிலவற்றுக்கே இணங்கும் தங்கம், ஒரு நஞ்சின் முன்னே உப்பைப்போலக் கரைந்துபோவது வேதியியலின் விந்தைகளுள் ஒன்று.

நூற்றிருபது ஆண்டுகளில் இங்கே எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்று கணக்கிடப்படுகிறது. அதற்காக மேலே கொணர்ந்த கல் 5 கோடி டன்னுக்கு மேல். தங்கம் மிகவும் கனமானது; அதன் அடர்த்தி நீரைப்போல் 19 மடங்குக்குச் சற்று மேல். எனவே 800 டன் தங்கத்தையும் ஒன்றாக உருக்கினால், நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றரை மீட்டராக உள்ள ஒரு கனசதுரத்துக்குள் அடங்கிவிடும். நம் விடுதியின் ஓர் அறை போதும். அந்த அறை ஊரைவிட்டுப் போய்விட்டது. மலைகள் ஊரிலேயே நிற்கின்றன. கோடைக் காற்றில் அவற்றின் தூள் எழுந்து வீடுகளிலும் கிணறுகளிலும் படிகிறது.

தூள் என்றதும் இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். படிகக்கல்லைத் துளைக்கும்போது எழும் மணல்தூள் நுரையீரலில் தங்கி, மெல்ல மெல்ல அதனை இறுக்கிவிடும். சிலிகோசிஸ் என்பது அந்நோயின் பெயர். ஒருமுறை வந்துவிட்டால் நீக்க மருந்தில்லை. 1940 முதல் 1946 வரை இங்கே 7,653 தொழிலாளரைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்நோய் காணப்பட்டது. பொறியின் திறனைக் கணக்கிட்ட அக்காலத்தில், மூச்சின் கணக்கு மிகவும் தாமதமாகத்தான் எழுதப்பட்டது.

பாறைக்கடியில் ஓர் ஆய்வுக்கூடம்

மூன்றாம் வினாவுக்கு வருவோம். விண்ணிலிருந்து அண்டக்கதிர்கள் இடைவிடாமல் பூமியின்மேல் பொழிகின்றன. அவற்றால் உண்டாகும் மியூவான் என்னும் துகள்கள் நம் உடலையும் கட்டடங்களையும் ஊடுருவிச் செல்கின்றன. நியூட்ரினோ என்பதோ எதனோடும் எளிதில் மோதாத துகள். அது எப்போதாவது ஒருமுறை மோதும்போது தோன்றும் அடையாளத்தைக் காண வேண்டுமானால், மற்ற இரைச்சல் எல்லாம் அடங்கிய இடம் வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஊசி விழும் ஓசையைக் கேட்க முடியுமா?

அந்த அமைதியைத் தந்தது தங்கவயலின் ஆழம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன் முதலியோர் 1950களிலேயே இச்சுரங்கங்களில் மியூவான்களை அளக்கத் தொடங்கினர். ஆழம் கூடக்கூட அவை அருகிவந்தன. பின்னர் அந்நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. மேலிருந்து வரும் மியூவான்களைப் பாறை பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கவாட்டில் வரவேண்டுமானால் அவை இன்னும் பன்மடங்கு பாறையைக் கடக்க வேண்டும், அது இயலாது. ஆகவே பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அது அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதியதால் பிறந்ததாகவே இருக்க வேண்டும். அத்தகைய தடங்களைக் கண்டு 1965இல் வெளியிட்டார்கள். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவை மனிதன் கண்டறிந்தது அந்த ஆண்டில்தான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஆராய்ந்த மற்றொரு குழுவும் அதே காலத்தில் இதனைக் கண்டது. 1980களில் புரோட்டான் சிதையுமா என்று ஆராயும் சோதனையும் தங்கவயலில் நடந்தது.

இச்செய்தியைப் பௌதிக மாணவர்களாகிய நாங்கள் பெருமையோடு பேசிக்கொண்டு நடந்தோம். அப்போதுதான் நான்காவது வினா எழுந்தது. நியூட்ரினோவைக் கண்டவர்களின் பெயர்கள் ஆய்வுத்தாளில் இருக்கின்றன, இருக்கவேண்டியவைதான். அந்தக் குகையை, அறுபது டிகிரிப் பாறையை நோக்கி அடி அடியாக வெட்டிச் சென்றவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன?

வெட்டியவர்கள்

அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். நிலமும் நீரும் மறுக்கப்பட்டு, ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்களே அவர்களில் மிகுதி. பண்ணையின் அடிமைத்தனத்தைவிடச் சுரங்கத்தின் இருட்டு மேல் என்று எண்ணி வந்தார்கள் என்றால், அந்தப் பண்ணை எப்படி இருந்திருக்கும்!

வந்தவர்கள் வெறும் கூலிகளாகவே இருந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் வாசகர் பலர். அவருடைய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1914இல் அவர் மறைந்த பின், ஜி. அப்பாதுரையார் 1920களின் பிற்பகுதியில் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிற்று. பகலில் பாறையைத் துளைத்தவர்கள் இரவில் படித்தார்கள்; விவாதித்தார்கள். 1930இல் தங்களுடைய கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வைவிட மானம் முதலாவதாக நின்ற போராட்டம் அது. தமிழகத்துக்கு வெளியே சங்கம் வைத்து இதழ் நடத்தும் நாம், நமக்கு முன்னே இதே மாநிலத்தில் அதனைச் செய்தவர்கள் யார் என்று அறிந்திருக்க வேண்டாமா?

1956இல் சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றது. 1962இல் மத்திய அரசுக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நீர் இறைப்பது நின்றதும், ஆழத்து வழிகளில் நீர் ஏறத் தொடங்கிற்று. நியூட்ரினோவைக் கண்ட ஆழத்தை இனி ஒருவரும் எளிதில் காண இயலாது.

மாலை வண்டிக்காக நிலையத்தில் நின்றபோது எதிர்த்திசையிலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய கூட்டத்தைக் கண்டு வியந்தோம். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் தங்கவயல் மக்கள்! நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் வீடு சேர்கிறார்கள். தேநீர்க் கடையில் கண்ட பெரியவரின் மகனும் அவ்வாறு போய் வருபவரே. அன்று சுரங்கத்துக்கு ஆற்றலைக் கொண்டுவரப் போட்ட பாதை, இன்று ஊரின் உழைப்பை வெளியே கொண்டுசெல்கிறது. பாதை இல்லாதிருந்தால் ஊரே கலைந்திருக்கும்.

செய்யத்தக்கவை

படித்ததனால் ஆய பயன் ஏதேனும் வேண்டுமல்லவா? சங்க நண்பர்கள் முன்னே இரண்டு கருத்துகளை வைக்கிறேன்.

ஒன்று: சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த முதியவர்கள் இன்னும் பலர் வாழ்கிறார்கள். எந்த ஆழத்தில் எவ்வாறு சுவர் எழுப்பினார்கள், காற்றின் போக்கை எவ்வாறு உணர்ந்தார்கள், பாறை வெடிக்குமுன் என்ன ஓசை கேட்டார்கள் என்பன எந்தப் பாடநூலிலும் இல்லாத அறிவு. அவர்களோடு அந்த அறிவும் மறைந்துவிடும். அவர்கள் இசைந்தால், ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்வது நம்மால் ஆகும் காரியம்.

இரண்டு: தங்கவயல் பள்ளிகளில் பயிலும் மாணவர்களுக்கு விடுமுறை நாட்களில் அறிவியலும் கணிதமும் சொல்லித்தரலாம். சுமை, வெப்பம், அழுத்தம் ஆகிய பாடங்களுக்கு வேறெங்கும் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. அவர்களுடைய பாட்டன்மாரின் வேலையே பாடம்.

தனியே செல்ல விரும்பும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள். பெங்களூரிலிருந்து மாரிக்குப்பத்துக்கு நேர் வண்டிகள் உண்டு. ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். காலையில் முதலில் புறப்படும் வண்டியைப் பிடியுங்கள். சுரங்க நிலத்துக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள்; பழைய சுரங்க வாய்கள் ஆபத்தானவை. சயனைட் மலைகளில் ஏறி விளையாட வேண்டாம். காற்று அடிக்கும் நாளில் மூக்கை மூட ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். தேநீர்க் கடையில் பெரியவர்கள் அமர்ந்திருந்தால், புகைப்படம் எடுக்கும் முன் வணக்கம் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அவர்களே பேசத் தொடங்குவார்கள். குறிப்பேட்டை மறவாதீர்கள்.